பறந்தால் போதுமா? பள்ளி அறிவியல் சோதனைக்கு ஆர்.சி. விமானம் தேர்ந்தெடுப்பது பற்றி ஒரு திறனாய்வு

அறிவியல் விழா, ஸ்டெம் வாரம் என்றாலே இப்போது தமிழ்ப்பள்ளிகளில் ஒரு ட்ரோனோ, ஒரு குட்டி விமானமோ எட்டிப் பார்த்துவிடுகிறது. பெற்றோர் ஆசிரியர் சங்கம் கொஞ்சம் பணம் ஒதுக்கும். யாராவது ஒருவர் இணையக் கடையில் தேடிப் பிடிப்பார். பெட்டி வந்து சேரும். ஒரு நாள் திடலில் பறக்கும், மாணவர்கள் கை தட்டுவார்கள், படம் புலனக்குழுவில் வலம் வரும். அதற்கு அடுத்த வாரம் அந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்று கேட்டால், அறிவியல் அறையின் அலமாரி மேல் தட்டைக் காட்டுவார்கள்.

இதற்கு யாரையும் குறை சொல்வதற்கில்லை. விற்பவர் எழுதும் விளம்பரத்தில் எவ்வளவு தூரம் பறக்கும், எவ்வளவு வேகம், கேமரா எத்தனை மெகாபிக்சல் என்பதெல்லாம் இருக்கும். "இதை வைத்து மாணவர் எதை அளக்கலாம்?" என்ற கேள்விக்கு மட்டும் அதில் பதில் இருக்காது. அந்தக் கேள்வியை நாம்தான் கேட்க வேண்டும். கடையில் கிடைக்கும் முக்கிய வகைகளை அந்த ஒரே கேள்வியால் உரசிப் பார்ப்பதே இக்கட்டுரை.

முதலில் ஒரு வேறுபாடு: செய்து காட்டுவதும் சோதனையும்

ஆசிரியர் பறக்கவிட, முப்பது பேர் அண்ணாந்து பார்ப்பது செய்து காட்டல். அதற்கும் வகுப்பில் இடம் உண்டு. ஆர்வத்தைத் தூண்ட அது நல்ல வழி. ஆனால் சோதனை என்றால் வேறு. அங்கே தற்சார்பு மாறி ஒன்று இருக்க வேண்டும்; அதை மாணவரே மாற்ற வேண்டும். சார்பு மாறி ஒன்று இருக்க வேண்டும். அதை மாணவரே அளக்க வேண்டும். மற்றவை எல்லாம் கட்டுப்படுத்தப்பட்ட மாறிகளாக அசையாமல் இருக்க வேண்டும். மூன்று முறை செய்தால் மூன்று முறையும் ஏறக்குறைய ஒரே விடை வர வேண்டும்.

ஆர்.சி. விமானத்துக்கு இந்த இடத்தில்தான் சிக்கல் வருகிறது. கட்டுப்பாட்டுக் கருவியைப் பிடித்திருப்பவரின் விரல், அன்றைய காற்று, மின்கலத்தில் மிச்சமிருக்கும் மின்சாரம் ஆகிய மூன்றும் ஒவ்வொரு பறப்பிலும் மாறும். மூன்றையும் கட்டுக்குள் வைக்காமல் "இறக்கை நீளம் கூடினால் தூரம் கூடும்" என்று முடிவு எழுதினால், அது தாளில் அழகாக இருக்கும். உண்மையில் நிரூபணம் ஆகியிருக்காது.

இன்னொரு கணக்கு: எத்தனை பேர் கை வைக்க முடியும்?

டெல்லோ என்ற சிறு ட்ரோனை எடுத்துக்கொள்வோம். ரைஸ் நிறுவனம் 2018இல் வெளியிட்டது. பள்ளிகளில் பரவலாகத் தெரிந்த பெயர். எடை சுமார் 80 கிராம். அதிகபட்சப் பறப்பு நேரம் 13 நிமிடம் என்று தயாரிப்பாளர் சொல்கிறார். அதுவும் காற்றில்லாத இடத்தில் சீரான வேகத்தில் பறக்கவிட்டுக் கணக்கிட்டது. சரி, 13 நிமிடமே என்று வைப்போம். 780 வினாடி. வகுப்பில் 30 மாணவர் இருந்தால் ஆளுக்கு 26 வினாடி! மூன்று மின்கலம் வாங்கினாலும் 78 வினாடிதான். மறுபடி மின்னேற்ற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்; அதற்குள் இரட்டைப் பாடவேளையே முடிந்துவிடும்.

அதே பணத்தில் நுரைத்தட்டு வழுக்கு விமானங்கள் வாங்கினால் இருவருக்கு ஒன்று கொடுக்கலாம். அப்போது வகுப்பு முழுவதும் வேலை செய்யும். "எங்க கிட்ட ட்ரோன் இருக்கு" என்று சொல்வதற்கும் "எங்க பிள்ளைங்க எல்லாரும் அளந்து பார்த்தாங்க" என்று சொல்வதற்கும் உள்ள தூரம் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

வகை 1: இரண்டு மோட்டார் பொம்மை விமானம்

கடையில் மிக மலிவாகக் கிடைப்பது இது. நுரையால் ஆன உடல், இறக்கையில் இரண்டு சிறிய மோட்டார்கள். திரும்புவதற்குச் சுக்கான் கிடையாது. ஒரு பக்க மோட்டாரை வேகப்படுத்தித் திருப்புகிறார்கள். மேலே ஏற வேண்டுமென்றால் இரண்டையும் வேகப்படுத்த வேண்டும், வேறு வழியில்லை.

பாராட்ட வேண்டிய விஷயம்: எடை குறைவு, மோதினாலும் யாருக்கும் அடிபடாது. இரண்டு மோட்டாரின் உந்துவிசை சமமில்லாதபோது விமானம் ஏன் திரும்புகிறது என்பதை விளக்க நல்ல கருவி. குறை: லேசான காற்றடித்தாலே சொன்ன பேச்சு கேட்காது. தோட்டப்புறப் பள்ளிகளில் இது செம்பனைத் தோப்புக்குள் போய்விட்டால் தேடிக் கண்டுபிடிப்பதே ஒரு புறப்பாட நடவடிக்கை ஆகிவிடும். உள்ளரங்கில், மூடிய மண்டபத்தில் பயன்படுத்தினால் மட்டும் பொருத்தம். அளவெடுக்கும் சோதனைக்கு ஏற்றதல்ல.

வகை 2: நிரல் எழுதக்கூடிய சிறு ட்ரோன்

டெல்லோ போன்றவை இந்த வகை. இவற்றின் பெரிய பலம், மனித விரலை நீக்கிவிடலாம் என்பது. ஸ்கிராட்ச் கட்டளைகளால் "இத்தனை சென்டிமீட்டர் முன்னே போ, இந்த வேகத்தில் போ" என்று எழுதிவிட்டால், ஒவ்வொரு முறையும் அதே கட்டளைதான் நிறைவேறும். கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்ற சொல்லுக்கு இங்கே உண்மையான பொருள் கிடைக்கிறது.

ஆறாம் ஆண்டு 'வேகம்' அலகுக்கு இது அருமையாகப் பொருந்தும். தூரத்தை 400 சென்டிமீட்டர் என்று நிலைநிறுத்துங்கள். கட்டளை வேகத்தை வினாடிக்கு 20, 40, 60, 80, 100 சென்டிமீட்டர் என மாற்றுங்கள். கணக்குப்படி எடுக்க வேண்டிய நேரம் முறையே 20, 10, 6.7, 5, 4 வினாடி. மாணவர் நிறுத்துக்கடிகாரத்தில் அளந்தால் இவற்றைவிடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் வரும். "சார், ட்ரோன் பொய் சொல்லுது" என்பார்கள். பாடம் அங்கேதான் தொடங்குகிறது. ட்ரோன் நின்ற நிலையிலிருந்து வேகமெடுக்க நேரம் வேண்டும். நிற்பதற்கு முன் வேகம் குறையவும் நேரம் வேண்டும். கட்டளையில் எழுதிய வேகம் வேறு, சராசரி வேகம் வேறு.

இன்னொன்றும் இதிலிருந்து கற்கலாம். கடிகாரத்தை அழுத்துவதில் 0.3 வினாடி பிசகு ஏற்பட்டால், 20 வினாடிப் பறப்பில் அது 1.5 விழுக்காடு. 4 வினாடிப் பறப்பில் 7.5 விழுக்காடு. ஒரே கை, ஒரே கடிகாரம். ஆனாலும் வேகமான பறப்பில் பிசகின் பங்கு பெரிது. ஏன் மூன்று முறை அளந்து சராசரி எடுக்கச் சொல்கிறோம் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை.

இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கு ஆற்றல் கணக்கும் உண்டு. டெல்லோவின் மின்கலம் 1.1 ஆம்பியர் மணி, 3.8 வோல்ட். பெருக்கினால் 4.18 வாட் மணி, அதாவது ஏறத்தாழ 15,000 ஜூல். 780 வினாடியால் வகுத்தால் சுமார் 19 வாட். இப்போது 80 கிராமை 2 மீட்டர் உயரம் தூக்கத் தேவையான ஆற்றல் எவ்வளவு? 0.08 × 9.8 × 2, சுமார் 1.6 ஜூல்தான்! அப்படியென்றால் ட்ரோன் ஒவ்வொரு வினாடியும் செலவழிக்கும் 19 ஜூல் எங்கே போகிறது? உயரம் கூடாமல் ஒரே இடத்தில் மிதக்கும்போதும் அது காற்றைக் கீழ்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் காற்றின் இயக்க ஆற்றலாகவும், வெப்பமாகவும், ஒலியாகவும் அது போகிறது. இந்த ஒரு கேள்விக்காகவே ஒரு பாடவேளையைத் தாராளமாக ஒதுக்கலாம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். இது தன் இடத்தைப் பிடித்துக்கொள்ள அடிப்பக்கக் கேமராவால் தரையைப் பார்க்கிறது. பளபளக்கும் தரை, கோடே இல்லாத வெள்ளைத் தரை, மங்கிய வெளிச்சம் என்றால் நழுவிப் போகும். புள்ளிக்கோலம் போல ஏதாவது வடிவம் உள்ள விரிப்பைக் கீழே விரிப்பது உதவும். இறக்கையின் வடிவம், வால்பகுதியின் வேலை, வழுக்கிப் பறத்தல் ஆகியவற்றை இதால் கற்பிக்க முடியாது. எடை ஏற்றிப் பார்க்கும் சோதனைக்கும் இது வேண்டாம். இவ்வளவு சிறிய ட்ரோன் சுமை தூக்கச் செய்யப்பட்டதல்ல.

வகை 3: மூன்று அலைவரிசைப் பயிற்சி விமானம்

உந்துவிசை, சுக்கான், எலிவேட்டர் ஆகிய மூன்றையும் தனித்தனியே கட்டுப்படுத்தலாம். உண்மையான விமானம் எப்படித் திரும்புகிறது, எப்படி மூக்கைத் தூக்குகிறது என்பதைப் பார்க்க இதுதான் சரியான கருவி. வாங்குவதாக இருந்தால் பின்வருவனவற்றைக் கவனிக்கலாம்.

இறக்கை உடலுக்கு மேலே இருக்க வேண்டும். இரு நுனிகளும் சற்று மேல்நோக்கி வளைந்திருக்க வேண்டும். அந்த வளைவு, விமானம் ஒரு பக்கம் சாய்ந்தால் தானாக நிமிர உதவும். உந்துவிசிறி பின்னால் இருந்தால் பிள்ளைகளின் விரலுக்கும் நல்லது, மூக்கு மோதும்போது விசிறியும் பிழைக்கும்.

அடுத்து இறக்கைச் சுமை. எடையை இறக்கைப் பரப்பால் வகுத்தால் கிடைப்பது. 80 சென்டிமீட்டர் நீளமும் 15 சென்டிமீட்டர் அகலமும் உள்ள இறக்கையின் பரப்பு 1200 சதுர சென்டிமீட்டர். விமானம் 200 கிராம் என்றால் 100 சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 17 கிராம். அதே இறக்கையோடு 600 கிராம் என்றால் 50 கிராம். ஏற்றுவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்துக் கூடுவதால், மூன்று மடங்கு எடையுள்ள விமானம் கீழே விழாமல் இருக்கச் சுமார் 1.7 மடங்கு வேகத்தில் பறந்தாக வேண்டும். பள்ளித் திடலுக்கு மெதுவாகப் பறப்பதே வேண்டும். ஆகவே பெட்டியில் போட்டிருக்கும் அதிகபட்ச வேகத்தைப் பார்த்து மயங்காமல், எடையையும் இறக்கை அளவையும் பாருங்கள்.

பல புதிய விமானங்களில் கைரோ என்ற நிலைப்படுத்தி இருக்கிறது. ஓட்டுபவருக்கு அது வரப்பிரசாதம். சோதனைக்கோ அது மறைந்திருக்கும் ஒரு கை. வாலை நீங்கள் மாற்றி வைத்தால், அதன் விளைவைக் கைரோ அமைதியாகச் சரிசெய்துவிடும். மாணவர் "ஒன்னும் மாறலையே" என்று எழுதுவார். அதனால் கைரோவை நிறுத்திவைக்கும் வசதி உள்ளதை மட்டுமே தேர்ந்தெடுக்க வேண்டும்.

இதை வைத்து ஒரு நல்ல சோதனை செய்யலாம். திடலில் 30 மீட்டர் இடைவெளியில் இரண்டு கம்பங்கள் நடுங்கள். காற்றடிக்கும் திசையில் ஒரு முறை, எதிர்த்திசையில் ஒரு முறை பறக்கவிட்டுக் கைப்பேசியில் காணொளி எடுங்கள். காற்றோடு போனபோது 4 வினாடி, எதிர்த்துப் போனபோது 6 வினாடி என்றால், வேகங்கள் வினாடிக்கு 7.5 மீட்டரும் 5 மீட்டரும். இரண்டின் சராசரி 6.25, அதுவே விமானம் காற்றைக் கிழித்துச் செல்லும் வேகம். வித்தியாசத்தில் பாதி, அதாவது 1.25, காற்றின் வேகம். இங்கே பல மாணவர் நேரங்களின் சராசரியை எடுப்பார்கள்: 5 வினாடி, ஆகவே வேகம் 6. அது தவறு. சராசரி எடுக்க வேண்டியது வேகத்துக்கு, நேரத்துக்கு அல்ல. தேர்விலும் இந்தப் பொறி அடிக்கடி காத்திருக்கும்.

இந்த வகையின் பெருங்குறை, ஓட்டத் தெரிந்த ஒருவர் வேண்டும். அவர் வேறு பள்ளிக்கு மாற்றலாகிப் போனால் விமானமும் ஓய்வுபெற்றுவிடும். உதிரி விசிறி, மின்கலம் உள்ளூரில் கிடைக்குமா என்று விசாரிக்காமல் வாங்கக் கூடாது.

வகை 4: ஆர்.சி. இல்லாத போட்டியாளர்

பட்டியலில் இல்லாத ஒன்றை இங்கே கொண்டுவருவதற்குக் காரணம் உண்டு. 1871இல் அல்ஃபோன்ஸ் பெனோ என்ற பிரெஞ்சுக்காரர் முறுக்கிய ரப்பரால் இயங்கும் ஒரு சிறு விமானத்தைப் பாரிஸ் பூங்கா ஒன்றில் பறக்கவிட்டார். 11 வினாடியில் சுமார் 40 மீட்டர் போனது. அவருடைய வடிவமைப்பைத் தழுவிய ரப்பர் ஹெலிகாப்டர் பொம்மை ஒன்றை 1878இல் ஒரு தந்தை தம் இரு மகன்களுக்கு வாங்கிவந்தார். அந்தப் பிள்ளைகள்தான் ரைட் சகோதரர்கள். கட்டுப்பாட்டுக் கருவி இல்லாத விளையாட்டுப் பொருளை மட்டமாக நினைக்க வேண்டியதில்லை.

நுரைத்தட்டு வழுக்கு விமானத்தின் மூக்கில் காகிதச் செருகிகளை ஒவ்வொன்றாகப் பொருத்தி, பறக்கும் தூரத்தை அளக்கும் சோதனையைப் பாருங்கள். தேர்வு எழுதும் மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

நோக்கம்: காகிதச் செருகிகளின் எண்ணிக்கைக்கும் விமானம் பறக்கும் தூரத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய்தல்.
தற்சார்பு மாறி: காகிதச் செருகிகளின் எண்ணிக்கை.
சார்பு மாறி: விமானம் பறக்கும் தூரம்.
கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள்: விமானத்தின் வகை, ஏவும் உயரம், ரப்பர் பட்டையை இழுக்கும் நீளம்.

கையால் வீசாமல், ரப்பர் பட்டையை அளவுகோலில் 10 சென்டிமீட்டர் இழுத்து ஏவச் சொல்வது முக்கியம். இல்லையென்றால் மறுபடியும் விரலே மாறி ஆகிவிடும்.

நம் மாணவர்கள் கருதுகோள் என்றால் "இது அதிகரித்தால் அது அதிகரிக்கும்" என்றோ "குறையும்" என்றோ ஒரே அச்சில் எழுதிப் பழகியவர்கள். இந்தச் சோதனை அந்தப் பழக்கத்தை உலுக்கும். செருகியே இல்லாதபோது விமானம் மூக்கைத் தூக்கி, வேகம் இழந்து, சரிந்து விழும். ஒன்றிரண்டு சேர்த்தால் தூரம் கூடும். மேலும் சேர்த்துக்கொண்டே போனால் மூக்கு கனத்து, நேரே தரையைக் குத்தும். வரைபடம் ஏறி, உச்சி தொட்டு, இறங்கும். காரணம் ஈர்ப்பு மையம். பொதுவாக அது இறக்கை அகலத்தின் முன் விளிம்பிலிருந்து கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையே இருந்தால் விமானம் ஒழுங்காகப் பறக்கும். ஒரு சில வெள்ளிப் பொருளில் இவ்வளவு பாடம்!

ஏற்றுவிசை விளக்கம்: ஒரு பிழையை நிறுத்துவோம்

எந்த விமானம் வாங்கினாலும் "இது எப்படிப் பறக்குது டீச்சர்?" என்ற கேள்வி வரும். பழைய விளக்கம் ஒன்று இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது: இறக்கையின் மேற்பரப்பு வளைந்து நீளமாக இருப்பதால், மேலே போகும் காற்று கீழே போகும் காற்றோடு ஒரே நேரத்தில் சேர வேகமாக ஓட வேண்டியிருக்கிறது என்பார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் சேர வேண்டும் என்று எந்த இயற்பியல் விதியும் இல்லை. உண்மையில் மேலே செல்லும் காற்று முந்திக்கொண்டு போய்விடுகிறது. நாம் வாங்கிய நுரைத்தட்டின் இறக்கையோ தட்டையானது. மேலும் கீழும் ஒரே நீளம். அதுவும் பறக்கத்தானே செய்கிறது?

இறக்கை சற்றுச் சாய்ந்த கோணத்தில் காற்றைச் சந்தித்து, அதைக் கீழ்நோக்கித் திருப்புகிறது. காற்று இறக்கையை மேல்நோக்கித் தள்ளுகிறது. ஐந்தாம் படிவ இயற்பியலில் பெர்னூலி கோட்பாட்டின்படி மேலே வேகம் அதிகம், அழுத்தம் குறைவு என்று எழுதுவது சரியே. "ஒரே நேரத்தில் சேர வேண்டும்" என்ற காரணத்தை மட்டும் சேர்க்காதீர்கள்.

சட்டமும் பாதுகாப்பும், சுருக்கமாக

மலேசியாவில் 2016ஆம் ஆண்டு வான்போக்குவரத்து விதிகளின்படி அனுமதியின்றித் தரையிலிருந்து 400 அடிக்கு மேல் பறக்கவிடக் கூடாது. விமான நிலையங்களைச் சுற்றியுள்ள வான்வெளி கட்டுப்பாட்டில் உள்ளது. சிங்கப்பூரில் 250 கிராமுக்கு மேற்பட்டவற்றைப் பதிவு செய்ய வேண்டும். விமான நிலையம், விமானப்படைத் தளம் ஆகியவற்றிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் வெளியில் பறக்கவிட அனுமதி வேண்டும். விதிகள் மாறக்கூடியவை, வாங்குமுன் அந்தந்த நாட்டு ஆணையத்தின் அண்மைய அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மலேசியாவில் சிரிம் சான்று முத்திரை உள்ள கருவியையே வாங்குவது நல்லது.

லித்தியம் மின்கலத்தை ஆள் இல்லாத அறையில் மின்னேற்றக் கூடாது. வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிடக் கூடாது. உப்பிப்போனதை "இன்னும் ஒரு தடவை" என்று பயன்படுத்தவே கூடாது. திடலில் என்றால் காற்று அடங்கிய காலை வேளையே உகந்தது.

என் பரிந்துரை

ஒதுக்கீடு குறைவு என்றால், தயங்காமல் இருவருக்கு ஒரு வழுக்கு விமானம் வாங்குங்கள். கொஞ்சம் கூடுதலாகப் பணம் இருந்தால், நிரல் எழுதக்கூடிய சிறு ட்ரோன் ஒன்றும் கூடுதல் மின்கலங்களும் வாங்கி, வேகம் அலகுக்கும் ஆற்றல் கணக்குக்கும் வையுங்கள். ஓட்டத் தெரிந்தவர் இருவராவது பள்ளியில் இருந்தால் மட்டும் மூன்று அலைவரிசைப் பயிற்சி விமானத்தைப் பற்றி யோசியுங்கள். இரண்டு மோட்டார் பொம்மையை மண்டபத்துக்குள் செய்து காட்டலுக்கு வைத்துக்கொள்ளலாம்.

வாங்கும் விண்ணப்பத்தை எழுதுவதற்கு முன், அந்தக் கருவியால் செய்யப்போகும் சோதனையின் நோக்கம், மாறிகள், அளவெடுக்கும் முறை மூன்றையும் ஒரு தாளில் எழுதி விண்ணப்பத்தோடு இணையுங்கள். அந்தத் தாளை நிரப்ப முடியவில்லை என்றால் அந்த விமானம் நம் பள்ளிக்கு இப்போதைக்குத் தேவையில்லை.